வலப்பக்கம் சுடவில்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் எழுந்து நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், கடை திறக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறோம். நீ அங்கே சுகமாக இருப்பதாகப் போனில் நூறு தடவை சொன்னாலும் உன் கையெழுத்தில் ஒரு வரி வந்தால்தான் எனக்கு மனசு ஆறும். தினமும் பேசுகிற மனிதருக்கு இப்போது என்ன கடிதம் வேண்டிக்கிடக்கிறது என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். உன் அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு இஸ்திரி மேஜைமேல் வைத்துவிடுகிறாள், நம் வீட்டு விஷயம் பாதி தெருவுக்குத் தெரிந்துவிடுகிறது, நான் சொல்ல வந்தது அவள் காதில் இப்போதைக்கு விழக் கூடாது. அதனால் இதைத் தனியாக உட்கார்ந்து படி. படித்த கையோடு போன் போட்டு அம்மா அம்மா என்று அழாதே, அழுதால் நான் பிடிபட்டுவிடுவேன்.

கடையில் வழக்கம்போலத்தான். எதிர் மாடி வக்கீல் இன்னமும் பேனாவை மூடாமல் சட்டைப் பையிலேயே வைத்துத் துவைக்கப் போடுகிறார், மை போகவில்லை என்றால் நம்மேல்தான் வழக்குப் போடுவார் போலிருக்கிறது. என் முட்டி வலி இருந்த இடத்தில் இருக்கிறது, அதற்கும் வேறு போக்கிடம் இல்லை. நீ அனுப்பிவைத்த, உள்ளே உட்கார்ந்து வேர்க்கவிடுகிற இன்ஃப்ராரெட் சானாப் பெட்டி உன் பழைய அறையில், நீ மேஜை போட்டுப் படித்த மூலையில் அலமாரி மாதிரி நிற்கிறது. கண்ணாடிக் கதவு, உள்ளே ஒரு பலகை, முதுகுக்கும் இரண்டு பக்கத்துக்கும் கறுப்புத் தகடுகள். நெருப்பும் தெரியாது, ஆவியும் வராது, சும்மா இருப்பது போலவே இருந்துகொண்டு ஆளைச் சுடவைக்கிற சாமர்த்தியம் அதற்கு. பொருத்த வந்த மெக்கானிக் பையன் கிளம்பும்போது, தோல்ல சூடு தெரியாதவங்க யாராவது இருந்தா இதுல உக்காரக் கூடாதும்மா என்று சொன்னான். உன் அம்மா இஸ்திரிப் பெட்டியின் அடித்தகட்டை விரலால் சுர்ரென்று தட்டிக் காட்டி, எனக்கா சூடு தெரியாது, நெருப்போடயே குடித்தனம் பண்றவ தம்பி நான் என்றாள். அவனும் சிரித்தான், நானும் சிரித்தேன். சலவைக்காரர்களுக்கு அது ஒரு பெருமை அல்லவா, மற்றவர்கள் கை வைக்க முடியாததில் நாம் கை வைப்போம் என்று.

சும்மா சொல்லக் கூடாது, பெட்டி நல்லதும் செய்தது. உனக்குத் தெரியாததா, நீ பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலேயே அவளுக்குக் கரப்பான் வந்துவிட்டது. சோப்புத் தண்ணீரும் நீராவியும் சேர்ந்து முழங்கை மடிப்பு, கழுத்து, முழங்காலின் பின்பக்கம் என்று எங்கே பார்த்தாலும் தடிப்பும் செதிலும். தூக்கத்தில் சொறிந்து தலையணை உறையெல்லாம் ரத்தப் புள்ளி, அதைத் துவைக்கிறவன் நான், எனக்குத்தான் கணக்கு தெரியும். பெட்டியில் உட்கார ஆரம்பித்த பிறகு அவள் அசந்து தூங்கினாள், புள்ளிகள் குறைந்தன, எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. தோல் டாக்டரிடம் கேட்டபோது அந்த அம்மா, இதமா இருந்தா கொஞ்ச நேரம் உக்காருங்க, வேர்வையை உடனே கழுவுங்க, நிறையத் தண்ணி குடிங்க, ஆனா களிம்பை மட்டும் நிறுத்திடாதீங்க, இது வைத்தியம் இல்லை என்றார். உன் அம்மாவின் காதைப் பற்றித் தெரியுமே, பிடித்ததை மட்டும் உள்ளே விடும். உட்காருங்க என்பது மட்டும் உள்ளே போயிற்று. களிம்பு டப்பா அலமாரியின் மேல்தட்டுக்கு ஏறிவிட்டது.

அப்புறம் ஒரு நாள் வாயெல்லாம் பல்லாக வந்தாள். வலது முன்கையிலும் வலது தோள்பட்டையிலும் அரிப்பு அடியோடு நின்றுவிட்டதாம். உனக்குத்தான் முதலில் போன் போட்டாள், நீயும் குதித்தாய். அந்த இரண்டு இடத்திலும் செதில் இல்லை, தடிப்பு இல்லை, தோல் கொஞ்சம் வெளுத்துப்போய்த் தேமல் மாதிரி இருந்தது, ஆறிய இடம் அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே தீர்ப்புச் சொல்லிக்கொண்டோம். அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதன் பிறகுதான் அவள் பெட்டியோடு சண்டை பிடிக்கத் தொடங்கினாள். வலப்பக்கத் தகடு வேலை செய்யவில்லை, இடப்பக்கம் மட்டும்தான் சுடுகிறது என்று ஒரே புகார். சூட்டை ஏற்றினாள், இன்னும் ஏற்றினாள், நேரத்தையும் கூட்டினாள், தோளைத் தகட்டோடு ஒட்டிவைத்து உட்கார்ந்தாள். மெக்கானிக்கை வரவழைத்தோம். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, ரெண்டு பக்கமும் ஒண்ணுதாங்க, குறையே இல்லை என்றான். உன் அம்மா விடுவாளா, புதுத் தகடு போட்டாலே ஆச்சு என்று ஒற்றைக்காலில் நின்றாள், அவனும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாளும் அதே பேச்சு, புதுசும் ஓட்டை, இந்தக் காலத்துல எதுவும் உருப்படியா வர்றதில்லை என்றாள். சரி, நம் வீட்டு அம்மா சொல்வது நியாயமா பார்ப்போம் என்று அவள் குளிக்கப் போனபோது சட்டையைக் கழற்றிவிட்டு நானே உள்ளே போய் உட்கார்ந்தேன். அம்மாடி, வலப்பக்கம் சுட்டது. இடப்பக்கம் எப்படிச் சுட்டதோ அப்படியே சுட்டது, தோளைக் கிட்டே கொண்டுபோனால் நெருப்புப் பட்ட மாதிரி இழுத்துக்கொண்டேன். வேர்த்து வழிந்துகொண்டு வெளியே வந்து, அவள் குளித்து முடிக்குமுன் சட்டையை மாட்டிக்கொண்டேன்.

அன்றிலிருந்து அவளைக் கவனிக்கிறேன், கவனிப்பது தெரியாமல் கவனிக்கிறேன். அவள் பெட்டியிலிருந்து வெளியே வந்ததும் முதுகைத் துடைத்துவிடுவது என் வேலை. துண்டு நனைந்து பிழியலாம் போல இருக்கும், கழுத்து, முதுகு, இடுப்பு என்று தண்ணீராக ஓடும், அந்தத் தோள்பட்டை வெளுப்பு மட்டும் காய்ந்து கிடக்கும். உள்ளங்கை அளவு இடம், சுற்றிலும் வேர்வை, நடுவே ஒரு துளி இல்லை. அங்கே பூனைமுடிகூட உதிர்ந்துபோயிருந்தது. இத்தனை காலம் குடித்தனம் நடத்தியும் அவள் உடம்பில் எனக்கு ஒரு இடம் புரியாமல்போனது அன்றைக்குத்தான். அதற்கடுத்த வாரம் கடையில் அவள் நீராவிப் பிரஸ் மெஷினில் சட்டை தேய்த்துக்கொண்டிருந்தாள், நான் இந்தப் பக்கம் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். துணி வாங்க வந்த ஒரு டீச்சர், அக்கா ஏதோ கருகுது என்றார். உன் அம்மா பதறிப்போய் இடது கையால் சட்டையைத் தூக்கி இப்படியும் அப்படியும் புரட்டிப் பார்த்தாள். சட்டையில் ஒன்றும் இல்லை. அப்பாடா, சட்டை தப்பிச்சுது என்று சொல்லி மறுபடி மேஜையில் விரித்தாள். கருகியது அவள் கை. வலது முன்கை பிரஸ்ஸின் ஓரத்தில் சாய்ந்தபடி இருந்திருக்கிறது, நான் ஓடிப்போய் இழுக்கிறவரை அங்கேயே இருந்தது. கொப்புளத்தைப் பார்த்துவிட்டு அவள் என்ன சொன்னாள் தெரியுமா, பாத்தீங்களா கை எவ்வளவு பழகிப்போச்சு, வலிக்கவே இல்லை என்றாள். பெருமையாகச் சொன்னாள்.

கட்டுப்போடத் துணியும் மருந்தும் வாங்கப் போன இடத்தில் மருந்துக் கடைக்காரரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கடையில் இருந்த ஆள் போகட்டும் என்று காத்திருந்து, குரலைத் தாழ்த்தி, ஒரு ஐஸ் கட்டியை அவங்களுக்குத் தெரியாம அந்த எடத்துல வெச்சுப் பாருங்க என்றார். மறுநாள் அவள் பெட்டியிலிருந்து வந்து ஸ்டூலில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்ததும் ஐஸ் கட்டியை எடுத்து அந்த வெளுப்பின் நடுவே வைத்தேன். வைத்தேன், எடுக்கவில்லை. தண்ணீர் உருகி என் முழங்கைக்கு இறங்குகிறது, என் விரல் விறைத்துப் போகிறது, அவள் சன்னலைப் பார்த்துக்கொண்டு உன்னைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருக்கிறாள். பேச்சை நிறுத்தி, ஏங்க, எங்க போனீங்க, துடைக்க வாங்களேன் என்றாள். நான் அவள் பின்னாலேயேதான் நின்றுகொண்டிருந்தேன் அம்மாடி. என் கை அவள்மேல்தான் இருந்தது.

திரும்பப் போய்ச் சொன்னதும் மருந்துக் கடைக்காரர் அந்தப் பெயரைச் சொன்னார். எழுதக் கை வரமாட்டேன் என்கிறது, உன்னிடம் மறைத்து என்ன செய்யப்போகிறேன். தொழுநோயாக இருக்கலாமாம். நான் சொல்றது முடிவு இல்லை, டாக்டர் பார்த்துத்தான் சொல்லணும், வேற நரம்புக் கோளாறாக்கூட இருக்கலாம் என்றார். அதுவாகவே இருந்தாலும் இந்தக் காலத்துல மாத்திரை இருக்கு, முழுசாக் குணமாகும், மருந்து ஆரம்பிச்சாச்சுன்னா இன்னொருத்தருக்குப் பரவாது, ஆனா செத்துப்போன நரம்பு திரும்பி வர்றது கஷ்டம், விரலுக்கு வர்றதுக்குள்ள கூட்டிக்கிட்டுப் போங்க என்றார். விரல் என்றதும் எனக்குச் சட்டைப் பொத்தான் ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகவே வலது கைச் சுண்டுவிரல் சொன்ன பேச்சுக் கேட்பதில்லை என்று அவள் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள், நானும் வயசு வயசு என்று கேலி பண்ணினேன். பெட்டியை வாங்கி அனுப்பியதை நினைத்து நீ உன்னையே குற்றம் சொல்லிக்கொள்ளாதே. பெட்டி பொய் சொல்லவில்லை, அது இல்லாவிட்டால் எங்களுக்கு இது தெரிந்தே இருக்காது. நாங்கள்தான் உணர்ச்சி போனதை அரிப்பு போனதென்று கொண்டாடினோம்.

வரும் புதன்கிழமை தோல் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். அவளிடம் தீக்காயத்துக்குக் கட்டு மாற்ற என்று சொல்லி வைத்திருக்கிறேன், உண்மையைச் சொன்னால் களிம்பை நிறுத்தியதற்குத் திட்டு விழும் என்று வரமாட்டாள். பெட்டியின் ஒயரைப் பிடுங்கி ஒளித்துவைத்துவிட்டு, ஃபியூஸ் போய்விட்டது என்று முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டிருக்கிறேன். அவள் சாயங்காலமானால் உன் அறைக்குப் போய் அணைந்த பெட்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறாள். கண்ணாடி வழியே பார்த்தால், முன்கைக் கட்டை மெல்ல வருடிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் ஏதோ தெரிந்திருக்கிறதோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பயமாகத்தான் இருக்கிறது, ஆண்பிள்ளை என்று வீறாப்பாக எழுத எனக்கு இப்போது தெம்பு இல்லை.

இனி நான் இந்தக் கடிதத்தை எதற்காக எழுதினேனோ அதற்கு வருகிறேன். கூட இருந்தவங்க எல்லாரையும் சோதிச்சுப் பார்க்கச் சொல்லுவாங்க என்றார் மருந்துக் கடைக்காரர். நான் அன்றைக்கே கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு தலையிலிருந்து கால்வரை எனக்கு ஐஸ் வைத்துப் பார்த்தேன், ஒவ்வொரு இடத்திலும் ஐயோ ஐயோ என்று துள்ளினேன், வெளியே உன் அம்மா என்னங்க பாட்டா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நீ இங்கே இருந்த வரைக்கும் அவள் பக்கத்தில்தான் படுத்தாய், அவள் துண்டைத்தான் எடுத்தாய். உனக்கும் அவளுடைய தோல். போன தடவை வந்தபோது உன் இடது தோளில் ஒரு தேமல் இருந்தது, நான் பார்த்தேன், கேட்கவில்லை. போன மாதம் நீ போனில் என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா, உன் குடியிருப்பின் அடித்தளத்தில் இதே மாதிரி ஒரு அறை இருக்கிறது, நீயும் வேலை முடிந்ததும் போய் உட்காருகிறாய், தோள் அரிப்பு அம்மாவுக்கு நின்ற மாதிரியே நின்றுவிட்டது என்றாய். அவள் கை தட்டினாள். அப்புறம் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாய், இங்கேயும் ஒரு பக்கம் சரியாவே சுட மாட்டேங்குதுப்பா என்று. அன்றைக்கு நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன்.

பயப்படாதே, ஆனால் நாளை என்று தள்ளாதே. உன்னோடு தங்கியிருக்கிற பெண்ணை ஒரு ஐஸ் கட்டி எடுத்துவரச் சொல், நீ சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார், எப்போது வைக்கிறாள், எங்கே வைக்கிறாள் என்று சொல்ல வேண்டாம் என்று சொல். பஞ்சாலும் ஒரு தடவை தொடச் சொல். எப்படி இருந்தாலும் அங்கே ஒரு டாக்டரைப் பார்த்து வாய்விட்டுச் சொல், வெட்கப்படாதே, இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வேளைக்குச் சாப்பிடு, தண்ணீர் குடி. நீ மகராசியாக இருக்க வேண்டும் என்று எப்போதும் எழுதுவேன், இந்தத் தடவை அப்பாவின் ஆசீர்வாதம் ஒன்றே ஒன்றுதான். அந்த ஐஸ் உனக்குச் சில்லென்று இருக்கட்டும், நீ ஐயோ என்று கத்த வேண்டும், கத்தினேன் என்று எழுது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அப்பா