மிஷினோடு வந்த ஆடி

ஜூன் 21, 1988

கடை மந்தம். மண்ணூர்க்காரர் ஒருவர் மிக்ஸியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பார்த்ததோடு போனார். மதியம் வாலாஜாபாத்திலிருந்து மாப்பிள்ளை ரங்கநாதன் போன் பண்ணினார். குரலைக் கேட்டதும், மகள் லீலாவுக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டேன். அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். வாஷிங் மிஷின்தான் ஓடவில்லையாம்.

கல்யாணம் முடிந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் எனக்குத் தெரிந்து யாரும் பெண்ணுக்கு அதைச் சீராகக் கொடுத்ததில்லை. நான் கொடுத்தேன். பீரோ, கட்டில், குத்துவிளக்கு வரிசையில் அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்து நிறுத்தினேன். சம்பந்தியம்மா சுந்தராம்பாள் அன்றைக்கே சபையில் சொன்னார்: “எங்க வூட்ல எல்லாருக்கும் கை கீது. இது இன்னாத்துக்கு சம்பந்தி?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

ஜூன் 24

கம்பெனி மெக்கானிக் இராமச்சந்திரனை மெட்ராஸிலிருந்து வரவழைத்து வாலாஜாபாத்துக்கு அனுப்பினேன். மோட்டாருக்குப் போகிற ஒயர் அறுந்திருந்தது, சேர்த்துவிட்டேன் என்று திரும்பி வந்து சொன்னான். எப்படி அறுந்தது என்றேன்.

“எலி சார். சகஜம்.”

சகஜமாம். சம்பளக்காரன் வாயில் வரும் வார்த்தை.

ஜூலை 4

மறுபடி ஓடவில்லை. மறுபடி ஒயர். மறுபடி எலி.

ஜூலை 9

அம்சவல்லி மகளைப் பார்த்துவிட்டு வந்தாள். சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்துதான் சொன்னாள். லீலா போன பிறகு அந்த வீட்டில் மிஷின் நின்றது, சுவர்க் கடிகாரம் நின்றது, பால் இரண்டு தடவை திரிந்தது. “ராசியில்லாத கை”  என்கிறாராம் மாமியார். பெண் கேட்கும்படியே.

“கடிகாரத்துக்கு செல்லு மாத்தினா ஓடும்” என்றேன்.

“அத அங்க போயி சொல்லுங்க” என்றாள்.

இன்னொன்றும் அந்தத் தெருவில் பேச்சாம். கடையில் விற்காமல் கிடந்த ஓட்டை மிஷினைப் பெண் தலையில் கட்டிவிட்டான் தாண்டவராயன் என்று. சைக்கிளில் டார்ச் லைட்டும் செல்லும் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்றவன் நான். அப்போதுகூட எரியாத லைட்டை ஒருத்தர் கையில் கொடுத்ததில்லை. சொந்தப் பெண்ணுக்கா கொடுப்பேன்?

ஜூலை 15

ஆடிக்கு லீலாவை அழைத்துவரப் போனேன். வேனை வாசலில் நிறுத்தி, தட்டு வைத்து, முறையாகக் கூப்பிட்டேன். எல்லாம் ஆன பிறகு சுந்தராம்பாள் உள்ளே பார்த்து, “அந்த மிஷினையும் ஏத்துங்கடா” என்றார்.

இரண்டு பேர் தூக்கிவந்து வேனில் வைத்தார்கள். “கையோட ரிப்பேர் பாத்துருங்க சம்பந்தி. ரெண்டும் சேந்தே வரட்டும்.”

தெருவே பார்த்துக்கொண்டு நின்றது. ஆடிக்குப் போகிற பெண்ணோடு சீர்ச் சாமானும் திரும்பிப் போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எதிர்வீட்டுப் பாஞ்சாலி, “இன்னாடி, அனுப்பிட்டாங்களா?” என்று யாரையோ கேட்டது என் காதில் விழுந்தது. மாப்பிள்ளை கீழே பார்த்துக்கொண்டு செருப்பைத் தேடினார். செருப்பு காலிலேயே இருந்தது.

ஒரகடம் கூட்டுரோடு தாண்டினோம். அப்புறம் லீலா, “நைனா, ரெண்டுல ஒண்ணு ரிப்பேர் ஆகலன்னா?” என்றாள். நான் டிரைவரிடம் மெதுவாகப் போகச் சொன்னேன்.

ஜூலை 16

இங்கேயும் பரவிவிட்டது. காலையில் கடைக்கு வந்த முதல் ஆள் ஃபேன் கேட்கவில்லை. “பொண்ணு வந்துருச்சாமே” என்றான்.

ஜூலை 18

இராமச்சந்திரனைக் கூப்பிடவில்லை. நானே கழற்றினேன். ஒயர் ஒட்டத் தெரிந்தவன் ஒயரைத்தான் பார்ப்பான். எலி எல்லார் வீட்டிலும் இருக்கிறது. என் கோடவுனிலும் இருக்கிறது. அங்கே நிற்கிற எந்த மிஷினையும் கடிக்கவில்லையே? இதற்குள் மட்டும் என்ன வைத்திருக்கிறது அதற்கு?

பக்கவாட்டில் சாய்த்தேன். அடிப்பக்கம் திறப்பாகத்தான் இருக்கிறது, முழு எலி தாராளமாக நுழையலாம். மோட்டாருக்குப் பக்கத்தில் கந்தல், நார், பேப்பர் எல்லாம் சேர்த்துக் கூடு. ஒயர் மூன்று இடத்தில் கடிபட்டிருந்தது. புதிதாகப் போட்டு சுவிட்சைத் தட்டினால் உம்மென்று முனகுகிறது, சுற்றவில்லை. உடனே நிறுத்தினேன். விட்டிருந்தால் மோட்டார் கருகியிருக்கும். துவைக்கிற தொட்டியின் அடியில் சுழலும் தட்டு இருக்கிறதே, அதை ஸ்க்ரூ எடுத்து நெம்பினேன். வரவில்லை. வெந்நீர் ஊற்றி ஊறவிட்டு நெம்பினேன். வந்தது.

அடியில் வெள்ளையாகப் பக்கு கட்டியிருந்தது. சுரண்டி மோந்தால் புளித்த வாடை. இரண்டு பருக்கை முழுசாகவே இருந்தது.

கஞ்சி. சோற்றுக் கஞ்சி. வேட்டிக்குப் போடுகிற கஞ்சியை மிஷினுக்குள்ளேயே ஊற்றியிருக்கிறார்கள். அது குழாயில் கசிந்து அடிவரைக்கும் இறங்கியிருக்கிறது. எலிக்குத் தினமும் விருந்து.

லீலாவைக் கூப்பிட்டேன். கொஞ்சம் சத்தமாகத்தான் கூப்பிட்டுவிட்டேன். அவள் பார்த்தாள்.

“நான் ஊத்தல நைனா. மாமா வேட்டிக்குக் கஞ்சி நான் போட்றதே இல்ல. அத்தைதான் போடுவாங்க, அண்டாவுல.”

“நீ பாத்தியா, அண்டாவுல போட்றத?”

யோசித்தாள். மதியம் தையல் கிளாஸுக்குப் போய்விடுகிறாள். திரும்பி வரும்போது மிஷின் நிற்கும் இடம் ஈரமாக இருக்குமாம். கேட்டால், “தரையத் தொடச்சேன்” என்பாராம் மாமியார்.

சம்பந்தி கோதண்டராமன் வேட்டி மொடமொடவென்று தகடு மாதிரி நிற்கும். அந்த வேட்டியை அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, முறுக்கிப் பிழிய இந்த வயசில் எந்தக் கைக்கு முடியும்? கை இருக்கிறது என்று சபையில் சொல்லியாகிவிட்டது. இனி யார் எதிரில் மிஷினைத் தொடுவது?

முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பற்றிக்கொண்டு வந்தது. என் பெண்ணுக்கா ராசியில்லாத கை?

ஜூலை 25

மிஷின் தயார். அடிப்பக்கம் இரும்பு வலை அடித்துவிட்டேன். வெறுமனே ஓடவிட்டு, துணி போட்டு ஓடவிட்டு, எங்கள் வீட்டுப் போர்வை எல்லாம் துவைத்தாகிவிட்டது. அம்சவல்லி, “இனிமே தொவைக்க ஜன்னலுதான் பாக்கி” என்கிறாள்.

உட்கார முடியவில்லை. கல்லாவில் உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் போக இடமில்லை. மிஷினை அங்கே கொண்டுபோய் எல்லார் எதிரிலும் தட்டைக் கழற்றி, பக்கை எடுத்துக் காட்ட வேண்டும். இது யார் கை என்று கேட்க வேண்டும். சுரண்டியதை ஒரு பொட்டலமாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

ஜூலை 28

போனேன். மிஷின் வேனில், நான் பஸ்ஸில், பொட்டலம் சட்டைப் பையில்.

கூடத்தில் வைத்து ஓட்டிக்காட்டினேன். அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர். மிஷின் திரும்பி வந்ததே அவர்களுக்குப் பாதி ஏமாற்றம். சம்பந்தி வேட்டியையே போட்டு அலசி, பிழிந்து எடுத்துக் கொடுத்தேன். கோதண்டராமன் தொட்டுப் பார்த்து, “பாதி காஞ்சே வந்துருச்சே” என்றார். சுந்தராம்பாள் அடுப்படி வாசலில் நின்றார், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல்.

எலி கடித்தது, வலை போட்டாயிற்று என்றேன். பாஞ்சாலி விடுவாளா.

“எங்க வூட்லயும்தான் எலி கீது. மிஷினுக்குள்ள பூந்து அது இன்னா துன்னுது?”

நான் கேட்க வைக்க வேண்டும் என்றிருந்த கேள்வி, தானாகவே வந்தது. கை பைக்குப் போனது. சுந்தராம்பாளைப் பார்த்தேன். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நிறுத்திவிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைத்தான் பார்த்தார்.

“புது ரப்பர் வாசனைக்கு வரும்மா” என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அடுத்த நிமிஷம் பாஞ்சாலி விலை விசாரித்தாள். இன்னொருத்தியும் விசாரித்தாள். மரியாதைக்காக வாயை மூடினேனா, வியாபாரத்துக்காகவா? பஸ்ஸில் வரும்போது யோசித்துப் பார்த்தேன். பிரிக்க முடியவில்லை.

கிளம்பும்போது அடுப்படிப் பக்கம் போய் மெதுவாகச் சொன்னேன்: “பொதுவா சொல்றேன் சம்பந்தியம்மா. கஞ்சிய வடிகட்டி தனியா பக்கெட்ல போடணும். மிஷின்ல கூடாது.”

“சரி” என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 29

லீலாவிடம் சொன்னேன், எப்படிச் சமாளித்தேன் என்று. மெச்சுவாள் என்று நினைத்தேன். முட்டாள்.

“அப்போ என்னப் பேசின பேச்செல்லாம் எலி பேசிச்சா நைனா?”

மிஷினுக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தீர்கள், எனக்கு என்ன வாங்கி வந்தீர்கள் என்கிறாள். அத்தை தன் வாயால் சொல்லாமல் அந்த வாசப்படி மிதிக்கமாட்டாளாம். அம்சவல்லி அவளை அடக்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

ஆகஸ்ட் 3

லீலாவின் கேள்வி கடைக்கும் கூடவே வருகிறது.

ஆகஸ்ட் 8

வலை சரியாக நிற்கிறதா பார்க்கிறேன் என்று சாக்கு வைத்து வாலாஜாபாத் போனேன். சம்பந்தி வயலுக்குப் போயிருந்தார். மோர் கொடுத்தார் சுந்தராம்பாள். பொட்டலத்தை எடுத்துத் தம்ளருக்குப் பக்கத்தில் வைத்தேன்.

“உங்க மானம் நான் காப்பாத்துனேன் சம்பந்தியம்மா. எம் பொண்ணு மானம் உங்ககிட்ட கீது.”

வியாபாரப் பேச்சுத்தான். எனக்குத் தெரிந்தது அதுதான். அவர் பொட்டலத்தைப் பிரிக்கவில்லை. தம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். வரவே இல்லை. நானாக எழுந்து, நானாகக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன்.

கெடுத்துவிட்டேனா?

ஆகஸ்ட் 17

ஆவணி பிறந்துவிட்டது. இனி அவர்கள் வந்துதான் கூப்பிட வேண்டும். வாசலில் பஸ் நிற்கும்போதெல்லாம் அம்சவல்லி ஜன்னலுக்குப் போகிறாள். லீலா ஜன்னலுக்குப் போவதில்லை. தையல் மிஷினை வேகமாக மிதிக்கிறாள்.

ஆகஸ்ட் 19

யாரும் வரவில்லை.

ஆகஸ்ட் 20

யாரும் வரவில்லை. மாப்பிள்ளை போன் பண்ணினார். லீலாவிடம் கொடுங்கள் என்றார். என்ன பேசினார்களோ. வைத்த பிறகு, “அவரு நல்லவருதான் நைனா. வாய்தான் இல்ல” என்றாள்.

ஆகஸ்ட் 22

பகல் பஸ்ஸில் வந்தார்கள். சுந்தராம்பாள், மாப்பிள்ளை, அவர்களுக்குப் பின்னால் பாஞ்சாலி. அவளை எதற்குக் கூட்டிவந்தார் என்று எனக்கு எரிச்சல். இருந்த பேச்சு போதாதா?

பூ, பழம் தட்டு வைத்தார்கள். லீலா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு நின்றாள். உட்காரவில்லை. சுந்தராம்பாள் தண்ணீரைத் தொடவில்லை.

“லீலா, மிஷின்ல கஞ்சி ஊத்திக் கெடுத்தது நான்தான்னு இந்தப் பாஞ்சாலிகிட்ட சொல்றேன். நம்ப மாட்றா. நீயே சொல்லு.”

பாஞ்சாலியின் வாய் திறந்தபடி நின்றது, அவளுக்கே அப்போதுதான் தெரிகிறது போல. தெரு முழுவதும் சொல்ல வேண்டியதை, தெரு முழுவதும் சொல்கிறவளையே கூட்டிவந்து சொல்கிறார். இரண்டு வாரமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

லீலா அவரையே பார்த்தாள். சட்டென்று இறங்கிவரவில்லை. என் பெண்தானே.

“எனக்கு எப்டித் தெரியும் அத்தை? நான் தையல் கிளாஸ்ல இருந்தேன்.”

“அதான். நீ இல்லாதப்பதான் ஊத்தினேன். வேற யாரு கையும் படல.” தொண்டையைச் செருமிக்கொண்டார். “உங்கையும் படல.”

அதற்குப் பிறகுதான் தம்ளரை எடுத்தார். மாப்பிள்ளை முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். லீலா உள்ளே போனாள். புடவை மாற்றிக்கொண்டு வெளியே வர அரைமணி நேரம் ஆனது. வேண்டுமென்றேதான் காக்கவைத்தாள் என்று அம்சவல்லி சொல்கிறாள். இருக்கட்டும்.

செப்டம்பர் 11

லீலாவைப் பார்க்கப் போயிருந்தேன். அவள் கிளாஸிலிருந்து வரவில்லை. சுந்தராம்பாள் தெருக்கதவை விரியத் திறந்துபோட்டுவிட்டு மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். பாஞ்சாலி வீட்டுத் துணியும் சேர்த்து. “சொம்மாதானே நிக்குது சம்பந்தி” என்றார்.

இந்தக் கணக்கில் போனால் பாஞ்சாலி மிஷின் வாங்கப்போவதில்லை. மிஷின் பெல்ட்டும் சீக்கிரம் தேயும். மெட்ராஸ் போகும்போது ஒன்று வாங்கி வைக்க வேண்டும்.