பின் டயருக்கு எவ்வளவு காற்று

கவியா,

நீ தூங்குகிறாய், எழுப்பவில்லை. கன்னியாகுமரிக்குக் கிளம்புகிறேன்.

தூரப் பயணத்துக்கென்று என் பைக்குக்குப் புது டயர் மாட்டிய நாளிலிருந்து அப்பா என்னிடம் பேசவில்லை, உனக்கே தெரியும். இப்போது கீழே போனால், பின் டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க, ஒரு ஆளுக்கு இவ்ளோ காத்து ஜாஸ்தி" என்றேன்.

"ரெண்டு பேருக்கு இதான் கரெக்ட்டு" என்றார், நிமிராமல்.

வேறு பேச்சு இன்னும் இல்லை. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அவருக்கு வைத்த மீன் குழம்பு ஃபிரிட்ஜில் இருக்கிறது, நீ சாப்பிடு. புது டயர் முதலில் கொஞ்சம் வழுக்கும். புதுச்சேரி வரை மெதுவாகத்தான் ஓட்டுவேன், பயப்படாதே. மாமல்லபுரத்தில் நாஸ்தா முடித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அம்மா

அவர் போட்டிருப்பது உன் ஹெல்மெட். ஆபீசுக்கு ஷேர் ஆட்டோவில் போ.