பிளேன்டியின் கூட்டுக்குள் என்ர சட்டை

அக்கா,

மீன்கறி மூடியிருக்கிறது. பூனை பிளேன்டிக்குக் கொஞ்சமாகப் போடு. நாளைக்கு உன்னோடு லண்டன் போகிறது, வயிறு நிறைந்தால் வழியில் சத்தி எடுக்கும்.

அந்த நாட்டுச் சட்டப்படி முதலில் பூனையின் தோலுக்குள் அடையாளச் சிப், பிறகுதான் விசர்நாய்க்கடித் தடுப்பூசி. நாங்கள் மாறிப் போட்டதால் எல்லாவற்றையும் திரும்பத் தொடங்கி, உன் பயணமும் நாலு மாதம் தள்ளிப்போனது. நீ அழுதாய். நான் கொச்சிக்கடைக் கோயிலில் அந்தோனியாருக்கு நன்றி சொல்லி மெழுகுதிரி கொளுத்தினேன்.

இரவு தெஹிவளையில் சிநேகிதன் சாந்தன் வீட்டில் நிற்பேன். எயார்போட்டுக்கு வரமாட்டேன். நேற்றுப் பிடித்த சண்டைக்காக இல்லை. பூனைக்கு முன்னால் அழ வெட்கம்.

பழகிய மணம் இருந்தால் அது பயணக் கூட்டுக்குள் கத்தாதாம். என்ர பழைய சட்டையை விரித்திருக்கிறேன். தோய்த்துவிடாதே.

வீட்டைப் பூட்டித் திறப்பை மேல்மாடி அன்ரியிடம் கொடு.

தம்பி ஜெரோம்

பி.கு.: உன்ர சால்வை ஒன்றை என் கட்டிலில் விட்டிட்டுப் போ. இங்கேயும் ஒருவன் கத்தக்கூடும்.