பெயர் வெட்டிய சாமான்

தேரடித் தெரு,
திருவண்ணாமலை.
10.8.1998

மஸ்கட்டில் இருக்கும் மகன் பரசுராமனுக்கு அப்பா இருசப்பன் எழுதுவது. நானும் உன் அம்மாவும் இங்கே இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் தங்கை அருணாதேவியின் பதினாறாம் நாள் காரியம் நேற்று முன்தினம் முடிந்தது. உனக்கு லீவு கிடைக்கவில்லை என்று யாரும் குறை சொல்லவில்லை. அன்றைக்கு போனில் நீ அழுதபோது நான் பேசாமல் வைத்துவிட்டேன். பூத்தில் எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். என்ன நடந்தது என்று கேட்டாய் அல்லவா, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் 24-ஆம் தேதி காலையில் வேங்கிக்காலில் அவள் வீட்டிலிருந்து ஆள் வந்தது. நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. தற்கொலை. மாப்பிள்ளை பிரசாத் வாசலில் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். குழந்தை சிந்துஜா பக்கத்து வீட்டில் இட்லி தின்றுகொண்டிருந்தாள்.

கல்யாணம் ஆகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் இப்படிப் போனால் போலீஸ் விசாரணை மட்டும் போதாதாம், ஆர்.டி.ஓ.வும் விசாரிக்க வேண்டுமாம். அருணாவுக்கு ஐந்து வருஷம்தானே. அதனால் வந்தவர்கள் ஜாஸ்தி. இன்ஸ்பெக்டர் யாரையும் உள்ளே விடவில்லை. என்னையும் விடவில்லை. போட்டோ எடுக்கிறவர் ஒவ்வொரு பொருளையும் கிட்டத்தில் ஒன்று, தூரத்தில் ஒன்று என்று எடுத்தார். கைரேகைக்காரர் கதவுப் பிடியில் பவுடர் தூவி, குழந்தையின் முகத்தைத் துடைக்கிற மாதிரி பிரஷ்ஷால் தடவினார். ஒருத்தன் தொழில் தெரிந்தவனா இல்லையா என்று அவன் சாமானைத் தொடுகிற விதத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அவர்கள் தொழில் தெரிந்தவர்கள்.

ஏட்டு சுப்பிரமணியை உனக்குத் தெரியும். ஸ்டேஷனில் எல்லாம் எழுதுகிறவர், ரைட்டர் என்பார்கள். அவர் மகள் கல்யாணத்துக்கு நம் கடையில்தான் பாத்திரம் எடுத்தார். என் வாக்குமூலத்தை அவர்தான் எழுதினார். தீராத வயிற்று வலி, அதனால் இந்த முடிவுக்கு வந்துவிட்டாள், யார் மேலும் சந்தேகம் இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஆர்.டி.ஓ. கேட்டபோதும் அதையே சொன்னேன். உன்னை யார் கேட்டாலும் நீயும் அதையே சொல். அவள் போவதற்குப் பதினைந்து நாளைக்கு முன்னால், பௌர்ணமி அன்று, கடைக்கே வந்து வயிறு வலிக்கிறது என்று அவள் வாயாலேயே சொன்னாள். கடை ஆட்கள் கேட்டிருக்கிறார்கள்.

குழந்தையை நம்மிடம் விட்டுவிட்டார்கள். நாம் கொடுத்த சீர்ப் பாத்திரமும் ஒரு டெம்போவில் திரும்பி வந்துவிட்டது. குடம், அண்டா, குத்துவிளக்கு, எல்லாவற்றிலும் அவள் பெயர் வெட்டியிருக்கிறது. மாடியில் அடுக்கிச் சாக்கு போட்டு மூடியிருக்கிறேன். உன் அம்மா மாடிப் பக்கம் போவதில்லை.

நடந்தது நடந்துவிட்டது. நீ வேலையைப் பார். அண்ணாமலையார் பார்த்துக்கொள்வார்.

உன் அப்பா,
இருசப்பன்


திருவண்ணாமலை.
3.10.1998

பரசு,

உன் கடிதமும், அதோடு நீ அனுப்பிய ஜெராக்ஸும் வந்தன. அருணா உனக்கு எழுதிய கடிதம், அவள் போன நாலாம் நாள் உன் கைக்கு வந்தது என்று எழுதியிருக்கிறாய். ஒரு தடவைதான் படித்தேன். படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். அம்மாவுக்குத் தெரியாது.

இனிமேல் எனக்குக் கடிதம் எழுதாதீர்கள் என்கிறாய். சரி. அம்மா கேட்டால் நீ நலமாக இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறேன்.

இருசப்பன்


திருவண்ணாமலை.
17.9.2000

அன்புள்ள பரசுராமனுக்கு,

எழுதாதீர்கள் என்றாய். ரெண்டு வருஷம் எழுதவில்லை. இதை மட்டும் கிழிக்காமல் படி. எனக்காக வேண்டாம், சிந்துஜாவுக்காகப் படி.

பிரசாத் தை மாதம் மறு கல்யாணம் செய்துகொண்டான். இப்போது குழந்தையைக் கொடு என்று கோர்ட்டுக்குப் போயிருக்கிறான். அடுத்த மாதம் இருபதாம் தேதி வாய்தா. நம் வக்கீல் கேஸ் கட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, பெற்ற தகப்பன் கேட்கிறான், அவன் மேல் ரெக்கார்டில் ஒரு கீறல்கூட இல்லையே, கொடுக்காமல் எப்படி இருப்பார்கள் என்றார். கீறல் விழாமல் பார்த்துக்கொண்டவன் நான்தான் என்று அவரிடம் சொன்னேன். முதல் தடவையாக ஒருத்தரிடம் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன்.

அன்றைக்கு இன்ஸ்பெக்டர் வருவதற்கு முன்னால் சம்பந்தி என்னைக் காம்பவுண்டு சுவர் ஓரமாகக் கூட்டிப்போனார். கேஸ் என்று போனால் குழந்தை யாரிடம் என்று வரும், வருஷக்கணக்கில் இழுக்கும், பேசாமல் விட்டால் குழந்தையை நீங்களே வைத்துக்கொள்ளலாம் என்றார். உள்ளே என் பெண் கிடக்கிறாள். நான் சுவர் ஓரத்தில் நின்று யோசித்தேன். போனது போய்விட்டது, இருப்பதையாவது எடுத்துக்கொள்வோம் என்று என் புத்தி சொன்னது. சைக்கிளில் அலுமினியச் சட்டி கட்டி அடி அண்ணாமலை முழுக்கக் கூவி விற்ற நாளிலிருந்து என்னைக் கைவிடாத புத்தி. தலையை ஆட்டினேன்.

நான் வயிற்று வலி என்று சொன்னதும் சுப்பிரமணி எழுதவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டார். "நல்லா யோசிச்சு சொல்லுங்க மொதலாளி. நான் எழுதாத வரைக்கும் பேச்சு. எழுதிட்டா எழுத்து." நான் எழுதுங்கள் என்றேன்.

பெரியாஸ்பத்திரியில் பிரேதப் பரிசோதனை செய்தது சந்திரகலா என்ற டாக்டரம்மா. சின்ன வயசு, உன்னை விட ரெண்டு வயசு கம்மி இருக்கும். வெளியே வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டார். வயிற்றில் ஒரு கோளாறும் இல்லை என்றார். எந்த டாக்டரிடம் காட்டினீர்கள் என்று கேட்டார். நாட்டு வைத்தியம் என்றேன். கையிலும் முதுகிலும் பழைய காயங்கள் இருக்கின்றன, ஒரே நாளில் பட்டவை இல்லை என்றார். கிணற்றடியில் வழுக்கி விழுந்தாள் என்றேன். அந்த வீட்டில் கிணறே கிடையாது, பரசு. போர்வெல்தான். அந்தம்மாவுக்கு அது தெரியாது. "நான் பாத்ததை எழுதிடுவேன். மீதியை நீங்கதான் ஆர்.டி.ஓ. கிட்ட சொல்லணும்"னு சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ஆர்.டி.ஓ. பொறுமையான மனுஷர். எனக்கு நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார். உங்கள் பெண் உங்களிடம் எப்போதாவது கஷ்டம் என்று சொன்னாளா என்று மூன்று தடவை, மூன்று விதமாகக் கேட்டார். மூன்று தடவையும் இல்லை என்றேன்.

இந்த ரெண்டு வருஷமாக இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். போட்டோக்காரர் அவள் கைக் காயத்தையும் படம் பிடித்திருக்கிறார். டாக்டரம்மா அளந்து எழுதியிருக்கிறார். ஏட்டு எச்சரித்தார். அதிகாரி கேட்டார். ஆனால் ஒருத்தர் வேலையை இன்னொருத்தர் செய்ய முடியாது. காயத்தைப் பார்த்தவருக்கு யார் அடித்தது என்று தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது பெற்றவன் வேலை. அத்தனை பேரும் அவரவர் வேலையைச் செய்தார்கள். நான்தான் என் வேலையைச் செய்யவில்லை.

பௌர்ணமி அன்றைக்கு நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அவள் உனக்கு எழுதியது பொய் என்று நீ ஒரு நாளும் நினைத்துவிடக் கூடாது.

கிரிவலக் கூட்டம் கடை வாசல் வரைக்கும் நின்றது. சின்னச் சொம்பும் அகல் விளக்கும் எடுத்துக் கொடுக்க எனக்கு ரெண்டு கை போதவில்லை. அருணா ஒரு மஞ்சள் பையோடு வந்து பெயர் வெட்டுகிற மிஷின் பக்கத்தில் நின்றாள். அந்தப் புழுக்கத்தில் முழங்கைக்குக் கீழே வரைக்கும் ரவிக்கை. கூட்டம் கொஞ்சம் விலகினதும், "வயிறு வலிக்குதுப்பா. ரெண்டு நாள் இங்க இருந்துட்டுப் போறேனே" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாசலில் செருப்பை விடுகிறபோதே ஆள் வாங்க வந்தவனா, விலை கேட்க வந்தவனா என்று சொல்லிவிடுகிறவன் நான். எனக்குப் புரிந்தது. புரியாமல் இல்லை.

கல்லாவுக்கு மேலே நம் போர்டு உனக்கு ஞாபகம் இருக்கும். பெயர் வெட்டிய சாமான் திரும்ப எடுக்கப்பட மாட்டாது. நீதான் எட்டாவது படிக்கும்போது எழுதினாய். அந்தப் போர்டைக் கையால் காட்டி, "பேர் வெட்டின சாமானை நாம திரும்ப எடுக்கறதில்லையேம்மா"ன்னு தமாஷாகச் சொன்னேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஒரு கோலி சோடா வாங்கிக் கொடுத்து நானே டவுன் பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். வேங்கிக்காலுக்குப் பத்து நிமிஷம். அதற்குப் பிறகு பதினைந்து நாளில் ஒரு நாள் நான் போய்ப் பார்த்திருக்கலாம். பௌர்ணமி வியாபாரம் முடிந்தது, ஆடிச் சரக்கு வந்து இறங்கியது. போகவில்லை.

அவள் உனக்கு எழுதியது எனக்கு மனப்பாடம். அடுப்பில் போட்டும் போகவில்லை. கடை ஆட்கள் இருந்தார்கள், அதனால் அப்பாவிடம் வயிறு வலி என்றுதான் சொல்ல முடிந்தது, அப்பாவுக்குப் புரிந்திருக்கும், அவர் சிரித்தபோது நானும் சிரித்துவிட்டேன் அண்ணா என்று எழுதியிருந்தாள்.

இந்த வீட்டில் இப்போது வயிற்று வலி என்று யாரும் சொல்வதில்லை. போன வாரம் சிந்துஜாவுக்கு நிஜமாகவே வயிற்று வலி. இப்போது ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு லீவு லெட்டர் எழுத உட்கார்ந்தேன். நாலு பேப்பர் கிழித்துப் போட்டுவிட்டு, காய்ச்சல் என்று எழுதி அனுப்பினேன். தாத்தா பொய் எழுதிட்டாருன்னு வகுப்பில் டீச்சரிடம் சொல்லிவிட்டாளாம். உண்மைதான்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். சுப்பிரமணி ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கிறார். அவரிடம் போனேன். கேஸைத் திரும்ப எடுக்கச் சொல்லி மனு கொடுக்கலாம் என்றார். நானே வந்து மாற்றிச் சொல்கிறேன் என்றதற்கு, "உங்க வாய் ஏற்கெனவே ஒரு தடவை பேசிடுச்சு மொதலாளி. இனிமே அது எடுபடாது. அந்தப் பொண்ணு பேசட்டும்"னார். பிரசாத் அடித்ததை அவள் கைப்பட எழுதிய அசல் கடிதம் வேண்டும். ஜெராக்ஸ் ஆகாது. உறையும் வேண்டும், முத்திரைத் தேதிக்காக. சென்னையில் கையெழுத்து நிபுணர்கள் இருக்கிறார்களாம். அவளுடைய பழைய எழுத்தோடு வைத்துப் பார்த்து அவள் எழுதியதுதான் என்று சொல்வார்களாம்.

அன்றைக்கு ராத்திரி உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுவாள், திட்டுவாள் என்று இருந்தேன். அவளோ எழுந்து போய் டிரங்குப் பெட்டியைத் திறந்து அருணாவின் பன்னிரண்டாம் வகுப்பு நோட்டுகளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். அதற்குப் பிறகு இன்றைக்குப் பதினோரு நாள், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு மட்டும் போடுகிறாள்.

டாக்டரம்மா இப்போது தர்மபுரிப் பக்கம் இருக்கிறார். தேடிப் போய்ப் பார்த்தேன். பெயரைச் சொன்னதும் ஞாபகம் வந்துவிட்டது. என்னை உட்காரச் சொல்லவில்லை. நியாயம்தான். நான் எழுதினது எழுதினபடியே இருக்கிறது, கூப்பிட்டால் வந்து சொல்கிறேன் என்றார். வாசல் வரைக்கும் வந்த பிறகு, அன்றைக்கே சொல்லியிருக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

பொய் வாக்குமூலம் கொடுத்ததற்கு என் மேலும் கேஸ் வரலாம் என்று வக்கீல் சொல்கிறார். வரட்டும். கடையைச் சாத்த வேண்டி வந்தாலும் வரட்டும். குழந்தை அந்த வீட்டு வாசல்படியை மறுபடி ஏறக் கூடாது.

ஒன்றே ஒன்று உன்னிடம் கேட்கிறேன். கடிதத்தை அனுப்பும்போது என்னைப் பற்றி அவள் எழுதிய வரிகளுக்காகத் தயங்காதே. அப்பாவுக்கு அவமானம் என்று நினைத்து அந்தப் பக்கத்தை நீக்கிவிடாதே. முழுசாக அனுப்பு. கோர்ட்டில் உரக்கப் படிக்கட்டும், நான் நின்று கேட்கிறேன். போர்டைக் கழற்றிவிட்டேன். ஆணி அடித்த ஓட்டை மட்டும் இருக்கிறது.

நீ வர முடிந்தால் வா. வர மனசில்லை என்றால் வேண்டாம், நீ எங்கே இருந்தாலும் நன்றாக இரு. ரிஜிஸ்டர் தபாலில் கடிதத்தை மட்டும் அனுப்பு. தபால்காரர் கடைக்கு வருகிற நேரம் பதினொன்றரை. தினமும் நான் வாசலிலேயே நிற்கிறேன். என் பெண்ணை என்னிடம் அனுப்பி வை, பரசு. இந்தத் தடவை திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

உன் அப்பா,
இருசப்பன்