எனக்கு எழுதாத வீடு

பெரியம்மா,

இன்று உங்கள் வீட்டுக் கொடியில், எனக்குத் தெரியாத ஒருவர் இடுப்பில் கட்டும் சாரம் காய்ந்துகொண்டிருந்தது. படலைக்கு வெளியே சைக்கிளை நிறுத்தினேன். உள்ளே மீன் கறி கொதிக்கும் வாசம். புளி கூடுதல். நீங்கள் அப்படி வைப்பதில்லை.

நீங்கள் போய் ஓராண்டு. வாவிக்கு அப்பாலிருந்து வரும் சிறுநீரக நோயாளிகள் தங்கும் வீடு இப்போது அது. மரண சாசனத்தில் அப்படித்தான் எழுதினீர்கள்.

அந்தக் காலை. "ஐசியையும் எடுத்துக்கு வா புள்ள, நொத்தாரிசிட்டப் போகணும்" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். அடையாள அட்டை, உறுதி எழுதும் நொத்தாரிசு: அம்மாவுக்கு அது போதும். நம் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் சீதனமாகப் போகும். உங்களுக்குப் பிள்ளை இல்லை. உங்கள் தங்கைக்கு நான் ஒரே மகள். "வீட்ட எழுதப் போறா. நல்ல சாறியா உடு" என்றார் அம்மா. எனக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். வீடு எங்கே என்பதுதான் அவர்கள் கேட்ட ஒரே கேள்வி.

பட்டுச் சாறியில் வந்தவளை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "என்ன கா, இண்டைக்கே கலியாணமா?"

நொத்தாரிசு வாசித்தார். வீடும் வளவும் நோயாளர் சங்கத்துக்கு. என் பெயர் கடைசியில் வந்தது. சாட்சியாக.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா, சாட்சி வைக்கிற ஆளுக்கு இதில ஒண்டும் கிடைக்காது. சட்டம் அப்பிடி. பிள்ளைக்கு விளங்குமா?"

"விளங்கத்தானே கூட்டி வந்தநான்."

எனக்குக் காது சுட்டது. பேனை கையில். வார்டில் தாதியாகவே வாழ்ந்து முடித்தவர் நீங்கள்; அவசரப்படுத்தவில்லை.

"வாவிக்கு அங்கால இருந்து முதல் பஸ்ஸில வந்தாலும் அந்த நோயாளியளுக்குப் பிந்திரும், புள்ள. முதல் நாளே வந்து ஆசுப்பத்திரி வாசல்ல படுத்துக் கிடக்குங்கள். அதுகளக் கடந்துதான் நான் வீட்ட வந்து கட்டில்ல படுத்தநான், எத்தின வரிசம்." பத்திரத்தை என் பக்கம் தள்ளி, "விருப்பமில்லாட்டிப் பேனைய வெய். பக்கத்துக் கடைக்காரரக் கூப்பிடுறன். கோவிக்கமாட்டன்."

கையெழுத்திட்டேன். மனமுவந்து அல்ல. வெட்கத்தில்.

சம்பந்தம் அந்த வாரமே நின்றது. அம்மா உங்கள் முற்றத்தில் நின்று கத்தினார்: "ஆரோ எவரோ வந்து படுக்க, எங்கட பிள்ளையத் தெருவில விட்டுட்டியே!"

நீங்கள் முருங்கை இலை உருவிக்கொண்டே சொன்னீர்கள்: "தெருவில படுத்த ஆக்களுக்குத்தான் எழுதினநான். இவள் கம்பஸ் முடிச்சவள். தேத்தண்ணி குடி, மறுகா கத்து."

அம்மா குடித்தார். மறுகா கத்தவும் செய்தார்.

இன்று ஒரு பெண் படலைக்கு வந்து எட்டிப் பார்த்தார். வாவிக்கு அப்பால் பழுகாமத்தாராம். கணவருக்கு நாளை காலை இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். "ஆரத் தேடுறீங்க? வெயிலுக்க நிக்காம உள்ளுக்கு வாங்க" என்றார். எனக்கு வரும் என்று நான் நினைத்திருந்த வீட்டுக்குள், என்னை விருந்தாளியாக அழைத்தார். போனேன். பாயில் கிடந்த கணவர் மரியாதைக்கு எழும்பப் பார்த்தார். படுங்கள் என்றேன்.

நான் இன்னும் வாடகை அறையில்தான் இருக்கிறேன். அந்த வீட்டின் மீது ஆசை போய்விட்டது என்று உங்களுக்கு எழுதினால் பொய். ஆனால் நீங்கள் எனக்குத் தெரியாமல் எழுதியிருக்கலாம். செத்த பிறகு தெரிந்திருக்கும். திட்டுவதற்கு உங்கள் படம் மட்டும் மிஞ்சியிருக்கும். நீங்களோ இழக்கப்போகிறவளைப் பக்கத்தில் இருத்தி, முகத்தைப் பார்த்துச் செய்தீர்கள். என்னை இவ்வளவு பெரியவளாக வேறு யாரும் மதித்ததில்லை. அந்த மதிப்புக்கு நான் இன்னும் போதாதவள். அதையே சுமக்கிறேன்.