என் பெயரில் ஓடிய உன் போட்

சாக்கைத் திறந்ததும் முதலில் வந்தது ஆற்றுச் சேற்று மணம்தான் மச்சான். காய்ந்த சேறு, கொஞ்சம் பாசி, அதற்கடியில் சூடேறிய பிளாஸ்டிக்கின் மணம். நீ எத்தனை தரம் துணியால் துடைத்தாலும் அந்த ரிமோட் போட்டின் அடியிலிருந்து இந்த மணம் போனதேயில்லை. "அது அதுட வேர்வை" என்பாய். கடை மேசையில் அதை வைத்தேன். பிறகு வாய்விட்டு உன்னைத் திட்டினேன். போட்டோகொப்பி எடுக்க வந்த ஒரு ரீச்சர், "பிறகு வாறன் ஐயா" என்று மெதுவாகத் திரும்பிப் போய்விட்டார்.

அவர் திரும்பிப் போனதில் ஆச்சரியம் இல்லை. எனக்கு மண்டையில் ஒரு மாதிரி என்று நாவற்குடாவிலிருந்து ஆரையம்பதி வரைக்கும் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அதைச் சொல்லி வைத்தவன் நீ என்பது எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

நீ கச்சேரியில் பார்த்த அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்று, என் கடையில் வந்து குந்தத் தொடங்கிய காலம் அது. என் மனைவி இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளை குட்டி இல்லாத எனக்கு, காலையில் உன் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால்தான் நாள் தொடங்கியது மாதிரி இருக்கும். ஒரு நாள் போனை என் மூக்குக்குக் கிட்ட நீட்டினாய். எங்கோ ஒரு வெள்ளைக்காரன் குளக்கரையில் நின்று ரிமோட்டால் போட் ஓட்டிக்கொண்டிருந்தான்.

"இஞ்ச பாரு, இவனுக்கு எங்கட வயசுதான்."

"வேலை வெட்டி இல்லாதவன்" என்றேன்.

"உனக்கும் எனக்கும் மட்டும் இருக்காக்கும்?"

பிளேன்டீயை ஒரு மிடறு குடித்துவிட்டு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "தேவையான சாமான் எல்லாம் வாங்கிப் பாத்திட்டம் மச்சான். ஒண்டாலயும் சிரிப்பு வரல்ல."

நீ அதைச் சொல்ல உரிமை உள்ளவன்தான். உனக்கு இரண்டும் பெண். நம் பக்கத்தில் பெண் பிறந்தால் தகப்பன் அன்றைக்கே மனதில் சீதன வீட்டுக்கு அத்திவாரம் வெட்டத் தொடங்கிவிடுவான். நீயும் சம்பளத்தை எல்லாம் கல்லாகவும் ஓடாகவும் மாற்றினாய். மூத்தவளுக்குக் கல்யாணம் முடிந்ததும் பெரிய வீட்டை அவள் பெயருக்கு எழுதிவிட்டு, நீயும் மனைவியும் பின்பக்கத்து அறைகளுக்குப் போனீர்கள். சின்னவளுக்கு ஒரு வீடு. "ரெண்டு வீடு கட்டினன், என்ட எண்டு ஒரு ஆணி அடிக்கச் சுவர் இல்ல" என்று பகிடியாகச் சொல்வாய். நானும் சிரிப்பேன்.

போட்டை நாம் பாதிப் பாதிக் காசு போட்டு வாங்கினோம். சிவப்பு என்று நிறம் சொன்னவன் நீ. கொழும்பில் இருந்த கடைக்காரனுடன் போனில் மல்லுக்கட்டியவனும் நீதான். பார்சலுக்கு மட்டும் என் பெயரையும் கடை விலாசத்தையும் கொடுத்தாய். "வீட்டுக்கு வந்தா ஆயிரம் கேள்வி வரும்" என்றாய். அதில் எனக்கு ஒன்றும் வித்தியாசமாகப் படவில்லை. மனைவிக்குப் பயந்த மனிதனை நான் அன்றைக்குத்தான் புதிதாகக் கண்டேனா என்ன?

முதல் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நினைவிருக்கிறதா? நான் ஆராதனை முடிந்து வந்து உடுப்பு மாற்றக்கூட நீ விடவில்லை. நாவற்குடாவுக்குப் பின்னால் ஆற்றங்கரைக்குப் போனோம். புத்தகத்தில் வாவி என்று எழுதினாலும் நமக்கு அது ஆறுதானே. போட் தண்ணீரைத் தொட்டதும் ஒரு சீறு சீறிக்கொண்டு ஓடியது. "போகுது! போகுது மச்சான்!" என்று கத்தினாய். குரல் கீச்சிட்டது. அதற்குப் பிறகு எனக்கு ரிமோட் கிடைக்க அரைவாசிப் பின்னேரம் போய்விட்டது. கிடைத்த கையோடு நான் போட்டைக் கண்டல் மரத்து வேருக்குள் கொண்டுபோய்ச் செருகினேன். நீ சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, பிறந்த பிள்ளையைத் தூக்குகிற மாதிரி அதைத் தூக்கிக்கொண்டு வந்தாய். பக்கத்தில் வீச்சுவலை எறிந்துகொண்டிருந்த மனிதன், "ஐயா, இது ஆருக்கு?" என்று கேட்டான்.

"பேரனுக்கு" என்றாய். அப்போது உனக்குப் பேரனே இல்லை.

வயிறு வலிக்கச் சிரித்தோம். வழிப்போக்கனிடம் சொன்ன பொய்தானே என்று விட்டுவிட்டேன். உன் கையில் அந்தப் பொய்க்குப் பெரிய அண்ணன் ஒருவன் இருந்தது எனக்குத் தெரியாது.

அதிலிருந்து ஞாயிறு என்றால் ஆறுதான். மேலதிக பற்றரி வந்தது. போட்டின் தலையில் பூட்ட ஒரு குட்டி லைட் வந்தது. மடக்குக் கதிரை இரண்டு வந்தன. வெயிலுக்கு ஒரு குடையும் வாங்குவோம் என்று நான் சொன்னபோது கடுமையாக மறுத்துவிட்டாய். "குடை தேவையான சாமான். அது இதில சேராது." அந்தச் சட்டத்தை நீ ஒரு நாளும் மீறவில்லை. வெயிலில் கருகினோம், ஆனால் சட்டம் சட்டமாக இருந்தது.

அந்த நாட்களில் உன் வீட்டில் எனக்குக் கிடைத்த மரியாதையைச் சொல்லவேண்டும். ஞாயிறு தவறாமல் உன் மனைவி பிட்டும் நண்டுக்கறியும் கட்டி எனக்கென்று உன்னிடம் கொடுத்துவிடுவாள். உன் மூத்த மருமகன் என்னை எங்கே கண்டாலும் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "மாமா, நித்திரை எல்லாம் வருதா?" என்று கேட்பார். உன் சின்ன மகள் கோயிலில் நூல் வாங்கி வந்து, வேதக்காரனான என் கையில் தானே கட்டிவிட்டாள். என்ன பாசமான குடும்பம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த நூலை, பாதிரியார் பார்த்துவிடாமல் சட்டைக் கைக்குள் மறைத்துக்கொண்டு ஆராதனைக்குப் போயிருக்கிறேன்.

போன மாரியில் கடைக்குள் வெள்ளம் வந்தபோது, போட்டைச் சாக்கில் போட்டு உன் வீட்டுக்குக் கொண்டுபோனாய். "கட்டிலுக்குக் கீழ வைக்கிறன், தண்ணி வத்தினதும் கொண்டு வாறன்." தண்ணீர் வற்றியது. நீ வரவில்லை. கிணற்றடியில் குளித்துக்கொண்டு நின்றவன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குந்திவிட்டாய் என்றும், ஆஸ்பத்திரி வாசலுக்குப் போகமுதல் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் உன் மருமகன் போனில் சொன்னார். என் மனைவிக்கு அழுத மாதிரி உனக்கும் அழுதேன். அதில் ஒரு சொட்டுக்கூடப் பொய் இல்லை.

முப்பத்தோராம் நாளுக்கு முதல் நாள் உன் மனைவி என்னைக் கூப்பிட்டாள். தங்கச்சி என்றுதான் நான் எப்போதும் அவளைக் கூப்பிடுவேன். முற்றத்தில் கிடுகுப் பந்தல் போட்டிருந்தது. பெண்கள் வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி சாக்கைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள்.

"அண்ணன், இது உங்கட சாமான். பத்திரமா வச்சிருந்தவர்."

"இது என்ட மட்டும் இல்ல தங்கச்சி, அவனும் நானும்..."

"எனக்குத் தெரியும் அண்ணன்." பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னாள். "அவர் எல்லாம் சொன்னவர். அக்கா போனதில இருந்து உங்களுக்கு மனசு சரியில்ல, சின்னப் பிள்ளையள் மாதிரி விளையாட்டுச் சாமான் வாங்கித் தண்ணியில விடுறீங்க எண்டு. தனிய விட்டா ஆத்துக்குள்ள இறங்கிருவீங்களாம். தனக்கு இதுகளைக் கண்ணிலயும் காட்ட ஏலாதாம், உங்களுக்காகத்தான் போய் நிக்கிறவராம்."

பக்கத்தில் இருந்த கதிரையில் குந்திவிட்டேன். பிட்டும், நித்திரை விசாரிப்பும், கையில் கட்டிய நூலும் அந்த இடத்திலேயே எனக்கு விளங்கிப் போயின. மூன்று வருடமாக உன் வீட்டார் ஒரு பைத்தியக்காரனுக்கு இரக்கப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். நான் அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டேன்.

மச்சான், என்னைப் பைத்தியக்காரன் என்று சொன்னதைக்கூடப் பொறுப்பேன். என் மனைவியை ஏன் இதற்குள் இழுத்தாய்? அவளுடைய சாவை எடுத்து உன் ஆசைக்கு மேலே போர்த்தி மூட உனக்கு எப்படி மனம் வந்தது? அவள் கையால் எத்தனை தரம் சாப்பிட்டவன் நீ. ஒரு பொய் தேவை என்றால் உலகத்தில் வேறு பொய்யே இருக்கவில்லையா?

இதைவிடப் பெரிய பயம் ஒன்றும் அந்தக் கதிரையில் இருக்கும்போதே பிடித்துக்கொண்டது. நீ வீட்டில் சொன்னது பொய் என்றால் நீ பொய்யன், அவ்வளவுதான். அதுவே உண்மையாக இருந்திருந்தால்? அந்தக் கீச்சுக் குரலும், ரிமோட்டுக்கு நீ பிடித்த சண்டையும் எல்லாம் மனைவியை இழந்தவனைச் சிரிக்க வைக்க நீ போட்ட நாடகமாக இருந்தால்? அப்படியென்றால் என் கடைசிக் காலத்துச் சந்தோசம் முழுவதும் நீ போட்ட பிச்சை. அன்றைக்கு வீடு போய்ச் சேரும் வரைக்கும் இதே யோசனைதான்.

நான் அங்கிருந்து வெளிக்கிடமுதல் தங்கச்சி இன்னொன்றும் கேட்டாள். "நாளைக்குப் படையல். செத்தவருக்கு விருப்பமான சாமான் எல்லாம் இலையில வைக்கோணும். இவருக்கு என்ன விருப்பம் எண்டு எனக்குப் பிடிபடுதில்ல அண்ணன். எது கேட்டாலும் எனக்கென்னத்துக்கு எண்டுவார். உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

அவள் கேட்ட சாமான் அவள் காலுக்கும் என் காலுக்கும் நடுவில் சாக்குக்குள் கிடந்தது. நான் வாயைத் திறந்தால் நீ பொய்யன் ஆகிவிடுவாய், அதுவும் உன் படையலுக்கு முதல் நாள். எனக்கு அந்த ஆசை வராமல் இல்லை. நன்றாகவே வந்தது. ஆனால் அவளுடைய முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை.

"ஓம் தங்கச்சி, போட் என்டதான்" என்றேன். "அவனுக்கு எல்லாம் விருப்பம்தான்."

மறுநாள் மத்தியானம் உன் இலையைப் பார்த்தேன். மருமகனுக்குப் பிடித்த இறால் பொரியல் இருந்தது. மூத்தவளுக்குப் பிடித்த பால்சோறு இருந்தது. சின்னவளுடைய விருப்பத்துக்கு முறுக்கு, யாரோ ஒரு மாமா நினைவுபடுத்தினார் என்று ஒரு சுருட்டு. நீ வாழ்க்கையில் சுருட்டுக் குடித்ததில்லை. அந்த வீட்டில் உள்ள எல்லாருடைய ஆசையும் அந்த இலையில் இருந்தது. உன்னைத் தேடினேன், காணவில்லை.

சாப்பாடு முடிந்து நான் வெளிக்கிடும்போது தங்கச்சி மருமகனைக் கூப்பிட்டு எனக்குக் கேட்கவே சொன்னாள்: "மாமாவத் தனிய விடாதீங்க தம்பி. ஞாயிற்றுக்கிழமையில நீங்க ஒருக்காப் போய் நில்லுங்க." எனக்குக் காவல் போட்டாயிற்று.

சொன்ன மாதிரியே போன ஞாயிறு அவர் வந்தார். கடமைக்கு வந்த மனிதன் எப்படி நிற்பானோ அப்படி நின்றார். கையைக் கட்டிக்கொண்டு, ஆற்றைப் பார்த்து, எனக்கு ஆறுதலாகச் சிரித்துக்கொண்டு. நானும் வேண்டுமென்றே போட்டை வட்டமாகச் சுற்றவிட்டு, பிறகு நேராக விட்டு, அலையில் துள்ள வைத்தேன். அவர் கட்டியிருந்த கை மெல்ல அவிழ்ந்தது.

"ஒருக்கால் தாங்க மாமா, பாப்பம்."

கொடுத்தேன். அவ்வளவுதான், மனிதன் உலகத்தை மறந்துவிட்டார். சப்பாத்தோடு தண்ணீருக்குள் ஒரு காலை வைத்ததுகூடத் தெரியவில்லை. அப்போது போன் அடித்தது, உன் மகள். அவர் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டார். இரண்டு பெருவிரலும் ரிமோட்டில் இருந்தன.

"ஓம், இஞ்சதான் நிக்கிறன்... எனக்கு இதில என்ன இருக்கு? பாவம் மனிசன், விட்டிட்டு வர ஏலாம நிக்கிறன். நீங்க சாப்பிடுங்க."

இதைச் சொல்லும்போது அவர் கண் போட்டை விட்டு நகரவேயில்லை. வாய் காதுவரைக்கும் சிரித்தது. குரலில் மட்டும் ஒரு செத்தவீட்டுச் சோகம். நான் பக்கத்தில் நிற்கிறேனே என்று குரலைக்கூடக் குறைக்கவில்லை. பைத்தியக்காரனுக்கு என்ன விளங்கும்?

உன் பொய்யின் முகத்தை அப்போதுதான் கண்டேன் மச்சான். பரிதாபத்துக்கு வந்தவன் அப்படிச் சிரிக்கமாட்டான். அந்த ஞாயிற்றுக்கிழமைகள் பிச்சை இல்லை, உன்னுடையவைதான், எனக்கு இனிச் சந்தேகம் இல்லை. ஆனால் அது தெரிந்ததும் கோபம் ஆறும் என்று நினைத்தேன், ஆறவில்லை. அவ்வளவு சந்தோசமாக இருந்தவன், அதைக் கட்டிய மனைவியிடம் ஒரு நாளாவது சொல்லியிருக்கலாமே. அவள் என்ன, உன்னைத் தின்றுவிடுவாளா? எனக்குப் பிட்டு அவித்துத் தந்தவள், உனக்குத்தான் அந்த ஆசை என்று தெரிந்திருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பாள்.

நான் ரிமோட்டைக் கேட்டேன். "இன்னும் ஒரு ரவுண்ட் மாமா" என்றார் உன் மருமகன். இனி உன் வீட்டில் இரண்டு ஆண்களின் ஆசைக்கு நான் ஒருவன் பைத்தியமாக இருக்கவேண்டும். இருந்துவிட்டுப் போகிறேன்.

நேற்றுத் தங்கச்சி போன் எடுத்தாள். மருமகன் ஒழுங்காக வந்து நிற்கிறாரா என்று விசாரித்தாள். வைக்கமுதல், "அண்ணன், வருசம் முடியிற ஆட்டைத் திவசத்துக்காவது யோசிச்சுச் சொல்லுங்க, அவருக்கு என்ன விருப்பம் எண்டு" என்றாள். யோசிக்கிறேன் என்றேன். அந்தப் பதிலை உனக்காக நான் தூக்கிக்கொண்டு திரிகிறேன் மச்சான். அது என் வாயால் வரவேண்டிய பதில் இல்லை. சொல்லியிருக்கவேண்டியவன் நீ.