ஐந்து குச்சி சேருமிடம்

ஜூன் 9, திங்கள்
இன்றும் சில குச்சிகள் கூடியிருக்கின்றன. பகலில் இந்த அறையில் தூங்கும் அன்னக்கிளியின் வேலை. ஒரே கம்பெனியில் அவளுக்கு நைட் ஷிப்ட், எனக்குப் பகல்; லீவுக்கு அவள் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய்விடுவாள். மண்ணூர் வந்து மூன்று மாதத்தில் அவளைப் படிக்கட்டில் ஒரே ஒருமுறை பார்த்திருக்கிறேன், அதுவும் மாஸ்க்கோடு. எங்கள் பேச்செல்லாம் மூலையில் கிடக்கும் பலகையில்தான். கோவில்பட்டியிலிருந்து நான் கொண்டுவந்த, மருந்து வைக்காத தீக்குச்சிகள். எல்லாம் ஒரே நீளம். ஒன்றின்மேல் ஒன்று படக்கூடாது, முனையோடு முனைதான் சேரணும், அதுதான் விளையாட்டு. ஒவ்வொரு முனையிலும் மூன்று குச்சி என்பதைப் பன்னிரண்டு குச்சியிலேயே முடித்துவிட்டோம். இப்போது நான்கு.

ஜூன் 12
நான் நான்கு குச்சி சேர்த்த முனைகளையெல்லாம் அவள் ஐந்தாக்கியிருக்கிறாள். எல்லா முனையிலும் ஐந்து வரவே வராது என்று நிரூபித்திருக்கிறார்கள், போனில் பார்த்தேன். எவ்வளவு வைத்தாலும் ஓரத்தில் குறையும். இவளுக்குத் தெரியாதா?

ஜூன் 14
தண்ணீர் கேன் எடுக்கப் போனபோது வீட்டுக்கார ஞானம்மா அக்கா, "தனியா கீறியே, பயமா இல்லியா?" என்றார்.
அன்னக்கிளி இருக்காளே என்றேன்.
"இன்னாம்மா சொல்ற? அது வேலய வுட்டு ஊருக்குப் போயி பத்து நாளு ஆவுது. சாவியக்கூட குடுத்துட்டுப் போச்சு."
மேலே வந்து கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். அவள் பை இல்லை.

ஜூன் 15, ஞாயிறு
நம்பர் வாங்கி அன்னக்கிளியிடம் பேசினேன். "குச்சியா? நான் தொட்டதே இல்லக்கா. நீங்க வைக்கீங்கன்னு மிதிக்காமத் தாண்டித் தாண்டில்லா போவேன்."
யாத்தே. அப்போ மூணு மாசமா நான் யார்கூட—

ஜூன் 16
குச்சிகளை அள்ளி டப்பாவில் போட்டேன். கதவுக்குப் புதுப் பூட்டு.

ஜூன் 17
பூட்டு பூட்டியபடியே. குச்சிகள் பலகையில். முன்னைவிட அகலமாக. ஓரத்தில் ஒரே ஒரு குச்சிக்கு மட்டும் இடம் காலி. எனக்கா?

ஜூன் 18
சூப்பர்வைசர் சிவசங்கர் சாரிடம் நைட் கேட்டேன். "எல்லாரும் பகல்தான் கேக்குறாங்க. உனக்கு இன்னாம்மா ஆச்சு?" பகலில் அறைக்கு யார் வருகிறதென்று பார்க்கணும்.

ஜூன் 25
பகலெல்லாம் அறையில்தான். எதுவும் அசையவில்லை. நிம்மதி.

ஜூலை 2
நான் இல்லாத ராத்திரியிலும் ஒன்றும் கூடவில்லை. தம்பிக்கு போன் போட்டேன். "பெறவு பேசுதேன்" என்று வைத்துவிட்டான். ஷிப்டுக்குக் கிளம்பும்போது வாய் தவறி "வாரேன்" என்றேன். யாருமில்லை. இப்போதுதான் நிஜமாகவே யாருமில்லை.

ஜூலை 7
"பகலுக்கே மாத்துங்க சார்." சிவசங்கர் சார் தலையில் அடித்துக்கொண்டார்.

ஜூலை 8
வேலைக்குக் கிளம்பும்போது ஃபேனை அணைக்கவில்லை. யார் வந்தாலும், பகலில் இங்கே புழுக்கம் தாங்காது.